தாளம் தப்பியது காலா, கைப்பேசியா? நடன வகுப்புக் கைப்பேசிக்குப் பிழை நீக்கும் வழிமுறை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பானாலும் சரி, பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் வரவேற்பறையில் நடக்கும் வகுப்பானாலும் சரி, ஆசிரியர் கழியால் தாளம் தட்டும் தட்டுமனைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கைப்பேசி உட்கார்ந்திருக்கிறது. பாட்டுப் போடுவது, அடவை (அடிப்படை ஆட்ட அசைவை) பதிவு செய்வது, வர முடியாத பிள்ளைக்கு ஸூமில் பாடம் எடுப்பது எல்லாம் அதன் தலையில்தான் விழுகின்றன. அது செய்யும் தப்பு பல நேரம் பிள்ளையின் தப்பாகத் திரையில் தெரியும் என்பதுதான் தொல்லை. தாளம் பிந்துகிறது, அரைமண்டி (முழங்கால் மடித்த அரை உட்கார்வு) போதவில்லை, இடதுகாலில் தொடங்குகிறாள் என்று திட்டுவதற்கு முன்னால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

எதற்கும் முதலில் ஒரு கைதட்டல் சோதனை. வகுப்பில் வைப்பது போலவே கைப்பேசியை வைத்து, மாணவியைத் தலைக்கு மேலே ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒலி அலை கோடாகத் தெரியும் ஏதாவது எடிட்டிங் செயலியில் அதைத் திறந்து, உள்ளங்கைகள் சேரும் படத்தையும் ஒலி எகிறும் இடத்தையும் ஒப்பிடுங்கள். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. வித்தியாசம் ஒன்றிரண்டு படத்துக்குள் இருந்தால் கைப்பேசி மேல் குற்றமில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லிநொடி பிடிக்கும். 20 மீட்டர் தள்ளி நின்றால் கால் முன்னால் விழுந்து ஓசை இரண்டு படம் கழித்து வருவது இயற்கை.

ஸூம் வகுப்பில் பிள்ளை எப்போதும் தாளத்துக்குப் பிந்துகிறாள். நேரில் வந்தால் சரியாக ஆடுகிறாள்

இது பிள்ளையின் தப்பே அல்ல. நீங்கள் கழி தட்டும் ஓசை அவள் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு தாமதம், அவள் ஆடும் படம் உங்களிடம் திரும்பி வர இன்னொரு தாமதம். நல்ல இணைப்பிலும் இரண்டும் சேர்ந்து கால் நொடிக்கு மேல் போவது சாதாரணம். இணைப்பு மோசமானால் அரை நொடியைத் தாண்டும். நிமிடத்துக்கு 60 என்ற நடையில் தட்டடவு போடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் காலத்தில் (வேகத்தில்) ஒரு தட்டுக்கு 1 நொடி, இரண்டாம் காலத்தில் அரை நொடி, மூன்றாம் காலத்தில் கால் நொடி. அப்படியானால் மூன்றாம் காலத்தில் துல்லியமாக ஆடும் பிள்ளைகூட உங்கள் திரையில் ஒரு தட்டோ இரண்டு தட்டோ பின்னால்தான் தெரிவாள். வேகமாகத் தட்டி அவளைத் துரத்தினால், நேரில் வரும்போது தாளத்துக்கு முன்னால் ஓடும் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுத்திருப்பீர்கள்.

வழி ஒன்றுதான்: தாளம் மாணவியின் வீட்டிலேயே ஒலிக்க வேண்டும்.

1. சொல்லுக்கட்டை (அடவுக்கான தாளச் சொற்களை) மூன்று காலத்திலும் நீங்களே சொல்லித் தட்டி, ஒலிப்பதிவாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.
2. மாணவி அதை இரண்டாவது கைப்பேசியில் போட வேண்டும். அப்பாவுடைய பழைய கைப்பேசி போதும். ஸூம் ஓடும் அதே கைப்பேசியில் போட்டால், எதிரொலி நீக்கும் வசதி தன் வாயிலிருந்து வந்த ஓசையைத் தானே மைக்கில் அழித்துவிடும்; உங்களுக்குச் சலங்கை ஓசை மட்டும் கேட்கும், பாட்டு கேட்காது.
3. பாட்டு ஒலிக்கும் கருவி ஸூம் கைப்பேசியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கட்டும்.
4. நீங்கள் மைக்கை அணைத்துவிட்டு, கழியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். ஓசையும் படமும் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து கிளம்புவதால் சேர்ந்தே வந்து சேரும். இப்போது தெரியும் தாளத் தப்பு உண்மையான தப்பு.

‘எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்’ என்பதை இணைய வகுப்பில் மறந்துவிடுங்கள். பத்துப் பிள்ளைகள் பத்துத் தாமதத்தில் ‘தெய்யா தெய்’ சொல்வது கோவில் மணியும் மேளமும் கலந்த மாதிரி இருக்கும். ஒருத்தி சொல்ல மற்றவர்கள் மைக்கை அணைத்து ஆடட்டும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்து, நமஸ்காரத்துக்கு 2 நிமிடம் ஒதுக்குங்கள்.

ப்ளூடூத் ஒலிபெருக்கி வாங்கியதிலிருந்து தாளம் சரியில்லை

ப்ளூடூத் தாமதம் பற்றிப் பெற்றோர் படும் பயம் பாதி தேவையற்றது. பதிவு செய்த பாட்டைப் போட்டு, அறையில் எல்லாரும் அந்த ஓசையைக் கேட்டு ஆடினால் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பாட்டு முழுவதும் கால் நொடி தள்ளிப் போகிறது, ஆடுபவரும் அதோடு சேர்ந்தே போகிறார். மூன்று இடத்தில்தான் அது கழுத்தை அறுக்கும்: நட்டுவாங்கத்தை (கழி தட்டி ஜதி சொல்வதை) ப்ளூடூத் மைக்கில் பேசி ப்ளூடூத் ஒலிபெருக்கியில் விடும்போது (கழியின் நேரடி ஓசை ஒரு தட்டாகவும் ஒலிபெருக்கியின் ஓசை இன்னொரு தட்டாகவும் கேட்கும்), ப்ளூடூத் காதொலியை மாட்டி ஆடிய காணொளியோடு பின்னர் பாட்டை ஒட்டும்போது, காணொளியைப் பார்த்தபடி கூடவே ஆடும்போது. இந்த மூன்றுக்கும் கம்பியைத் தவிர வேறு மருந்து இல்லை.

இன்னொரு நோய் இதைவிடச் சில்லறை, ஆனால் தினமும் வரும். பாட்டின் முதல் ‘த’ விழுங்கப்பட்டு ‘தோம்’ என்பதிலிருந்து கேட்கும். ஓசை இல்லாதபோது பல ஒலிபெருக்கிகள் தூங்கிவிடுகின்றன; எழுந்திருக்க அவற்றுக்கு ஒரு நொடி வேண்டும். வெற்று மௌனத்தை முன்னால் ஒட்டினால் பயனில்லை, மௌனத்தைக் கேட்டு அது மறுபடி தூங்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 5 நொடி தம்புரா சுருதியை மெல்லிய அளவில் சேர்த்துவிடுங்கள். ஒலிபெருக்கி விழிக்கும், பிள்ளையும் நிலைக்கு வந்து நிற்பாள்.

அலாரிப்பு ஆட்டத்தின் நடுவே திடீரென்று யாருடைய டிக்டாக் ஓசையோ வந்தால், அந்த ஒலிபெருக்கியோடு வகுப்பில் பாதிப் பேரின் கைப்பேசி ஏற்கனவே இணைந்திருக்கிறது என்று பொருள். ஒலிபெருக்கியின் இணைப்பு நினைவை முழுமையாக அழித்து, ஆசிரியரின் கைப்பேசியையும் ஒரு மாற்றுக் கைப்பேசியையும் மட்டும் மறுபடி சேருங்கள். விட்டு விட்டுக் கேட்டால் கைப்பேசியை இடுப்பிலிருந்தும் கைப்பையிலிருந்தும் எடுத்து, ஒலிபெருக்கிக்கும் அதற்கும் நடுவில் ஆள் நிற்காத இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பிலுள்ள தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். வரிசையாகப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றால் அது ஒரு சுவர்.

கழி ஓசை கேட்கவில்லை, அல்லது ஒவ்வொரு தட்டுக்கும் பின் குரல் அமுங்குகிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய்.

கழி ஓசை அறவே இல்லை, சலங்கையும் இல்லை, குரல் மட்டும் தெளிவாக வருகிறது என்றால் அது இரைச்சல் நீக்கம். பேச்சைத் தவிர மற்ற எல்லாம் குப்பை என்பது அந்தச் செயலியின் எண்ணம். மரத்தை மரம் தட்டும் ஓசை அதற்குக் கதவு சாத்தும் ஓசை. ஸூம் கைப்பேசிச் செயலியின் அமைப்பில் கூட்டங்கள் பகுதிக்குப் போய் ‘யூஸ் ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை ஆன் செய்யுங்கள். இது மட்டும் போதாது. ஒவ்வொரு கூட்டத்திலும் ‘மோர்’ பொத்தானுக்குள் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது படியைத்தான். கணினியில் என்றால் ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தின் போது திரையின் மேலே உள்ள பொத்தானை ஆன் செய்யுங்கள். கூகிள் மீட்டில் இரைச்சல் நீக்கத்தை அணைத்தால் போதும். இதற்குப் பிறகு எதிரொலி வரலாம். மாணவிகள் எல்லாரும் மைக்கை அணைத்திருந்தால் வராது.

கழி கேட்கிறது, ஆனால் தட்டியதும் குரல் உள்ளே போய் மெதுவாக வெளியே வருகிறது என்றால் அது தானியங்கி ஒலியளவு. தட்டு பலமாக இருப்பதால் கைப்பேசி பயந்து மொத்த அளவையும் குறைக்கிறது. கைப்பேசியைத் தட்டுமனையிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி, வேறு ஒரு நாற்காலியில், நாலாக மடித்த துண்டின் மேல் வையுங்கள். ஒரே மேசையில் இரண்டும் இருந்தால் தட்டு மரத்தின் வழியாகவே மைக்குக்குப் போகும். சட்டையில் செருகும் கம்பி மைக் ஒன்றை வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டினால் குரல் பக்கம் பலமாகி, தட்டும் குரலும் சமநிலைக்கு வரும்.

மாலை நாலு மணி மழை தகரக் கூரையில் விழும்போது இந்த அமைப்பு எதுவும் உதவாது. அன்றைக்கு அபிநயம் எடுங்கள்.

சிகர முத்திரை பிடித்தால் திரையில் கட்டைவிரல் பறக்கிறது, பலூன் பறக்கிறது

பிள்ளைகள் சிரித்து உருள்வார்கள். கைப்பேசியில் வைரஸ் என்று பெற்றோர் நினைப்பார்கள். ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல், ஐபோன் 12-லும் அதற்குப் பிந்தியவற்றிலும், காணொளி அழைப்பின்போது கை முத்திரையைப் பார்த்துத் தானாகப் படம் போடும் வசதி இருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் முத்திரைகளைச் சொல்லும் அபிநய தர்ப்பண நூலை மனத்தில் வைத்து வடிவமைக்கவில்லை. கட்டைவிரலை நிமிர்த்தினால் ‘சபாஷ்’ குமிழி வரும். நமக்கு அது சிகரம். இடக்கையின் மேல் வலக்கைச் சிகரத்தை வைத்துச் சிவலிங்கம் காட்டினால் லிங்கத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டைவிரல் ஒன்று மிதக்கும். இரு கையிலும் சிகரம் என்றால் வாணவேடிக்கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரிந்த கர்த்தரீமுகத்தை அது வெற்றிக் குறியாக எடுத்துக்கொண்டு பலூன் விடும். இரண்டு கையிலும் என்றால் வண்ணக் காகிதம் கொட்டும். சிம்மமுகத்தை இரு கையிலும் கொஞ்சம் அசட்டையாகப் பிடித்தால் ராக் கச்சேரிக் குறி என்று நினைத்து லேசர் ஒளி பாய்ச்சவும் கூடும்.

அணைக்கும் விதம்: அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் சென்டரை இழுத்து, வீடியோ எஃபெக்ட்ஸ் பகுதியைத் தொட்டு, ‘ரியாக்‌ஷன்ஸ்’ என்பதை அணையுங்கள். அழைப்பு இல்லாத நேரத்தில் தேடினால் அந்தப் பகுதி கண்ணில் படாது. ஆப்பிள் கணினியிலும் இதே வசதி உண்டு, அங்கே மேல்பட்டையில் உள்ள பச்சைக் காணொளிச் சின்னத்துக்குள் இருக்கும்.

ஐபோன் இல்லாதவர் வீட்டிலும் விரல் சேர்த்து உயர்த்திய பதாக முத்திரைக்கு ‘கை தூக்கியிருக்கிறார்’ என்ற குறி எழும்பினால், அது ஸூம் தன் பங்குக்குச் செய்வது. அதன் அமைப்பில் கை அசைவை அடையாளம் காணும் வசதியை அணைத்துவிடுங்கள்.

விரல் தெரியவில்லை

எப்படித் தெரியவில்லை என்று பிரித்துப் பாருங்கள்.

விரல் வெட்டுப்பட்டு மறைந்து மறுபடி தோன்றுகிறது என்றால் பின்னணியை மங்கலாக்கும் வசதி அல்லது போலிப் பின்னணி ஆனில் இருக்கிறது. உடம்பிலிருந்து தள்ளி நீட்டிய கையை அது சுவர் என்று நினைத்து அழிக்கிறது. அணைத்துவிட்டு, சுவரில் வெற்று வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். வெள்ளைக்குப் பதில் கருநீலமோ சாம்பலோ நல்லது. வெள்ளைக்கு முன் முகம் கறுத்துப் போகும்.

கை அசையும்போது மட்டும் புகை போலக் கலைகிறது என்றால் வெளிச்சம் போதவில்லை. குறைந்த ஒளியில் கைப்பேசி ஒரு படத்துக்கு 1/30 நொடிவரை கண்ணைத் திறந்து வைக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் கை அதற்குள் 6, 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அலபத்மமா கடகாமுகமா என்று யார் சொல்ல முடியும்? ப்ரோ வீடியோ வசதி இருந்தால் ஷட்டரை, அதாவது கண் திறந்திருக்கும் நேரத்தை, 1/100 நொடியில் நிறுத்துங்கள், இழுப்பு 2 சென்டிமீட்டருக்குக் குறையும். இருட்டாக வந்தால் விளக்கைக் கூட்டுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். அது ஏன் 1/60 ஆகவோ 1/125 ஆகவோ இல்லாமல் சரியாக 1/100 என்பது அடுத்த அறிகுறியில் வரும்.

பதிவில் தெளிவு, வாட்ஸ்ஆப்பில் வந்தது மட்டும் கூழ் என்றால் அனுப்பிய விதம் தப்பு. காணொளியாக அனுப்பினால் அது சுருக்கும். ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பினால் 2 ஜிபிவரை மூலக்கோப்பு அப்படியே போகும்.

முகம் வழவழவென்று இருக்கிறது, புருவமும் கண்ணோரமும் அசைவதே தெரியவில்லை என்றால் அழகுபடுத்தும் வசதியை அணையுங்கள். சில கைப்பேசிகளில் முன்பக்கக் கேமராவுக்கு அது வாங்கும்போதே ஆனில் இருக்கும். நவரசத்தில் எட்டை அது சாந்தமாக்கிவிடும்.

படத்தில் கறுப்புப் பட்டை ஓடுகிறது, மெதுவோட்டத்தில் விளக்கு மினுங்குகிறது

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் ஒவ்வொரு படமும் முழுச் சுற்று வெளிச்சத்தைப் பிடிக்கும், பட்டை போய்விடும். 1/60, 1/125 எல்லாம் அமெரிக்க மின்சாரக் கணக்கு அல்லது புகைப்படக் கணக்கு, இங்கே ஒத்துவராது. ஐபோனில் அமைப்பு, கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் ‘ஷோ பிஏஎல் ஃபார்மட்ஸ்’ என்பதை ஆன் செய்தால் நொடிக்கு 25 படம் என்ற தேர்வு கிடைக்கும். மண்டப விளக்கில் அதுதான் பாதுகாப்பு.

நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்துக்கு இந்த வித்தை உதவாது. ஒரு படத்துக்கு 1/240 நொடிக்கு மேல் நேரமே கிடையாது, எனவே மினுக்கல் வந்தே தீரும். குதித்தடவில் பாதம் எப்படி இறங்குகிறது என்று மெதுவோட்டத்தில் பார்க்க வேண்டுமானால் காலை வகுப்பில், விளக்கை அணைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். சன்னல் கைப்பேசிக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஆடுபவருக்குப் பின்னால் அல்ல.

அரைமண்டி நேரில் ஒரு மாதிரி, காணொளியில் வேறு மாதிரி

தேர்வுக்குக் காணொளி அனுப்பும் பிள்ளைகள் இதில்தான் அநியாயமாக மதிப்பெண் இழக்கிறார்கள். கைப்பேசியைத் தரையில் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்தால் கால் பக்கத்தில், தலை தூரத்தில். கால் நீண்டு தெரியும், உட்கார்ந்தது போதாதது போல இருக்கும். அலமாரி உச்சியிலிருந்து எடுத்தால் கால் குறுகி, இல்லாத ஆழம் தெரியும். லென்ஸ், அரைமண்டியில் இருக்கும் ஆடுபவரின் தொப்புள் உயரத்தில் இருக்க வேண்டும்: 130 செ.மீ. உயரப் பிள்ளைக்குச் சுமார் 60 முதல் 65 செ.மீ., பெரியவருக்கு 75 முதல் 80. பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. சுற்றில்தான் இருக்கும், அதன் மேல் இரண்டு அரிசி டின் வைத்தாலும் சரி. கைப்பேசியின் திரை தரைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். மேலும் கீழும் சாயக் கூடாது.

தூரம்: சாதாரண 1 மடங்கு லென்ஸில், கைப்பேசியைப் படுக்கை வசமாக வைத்து 3.5 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 4 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் அடங்கும். பக்கவாட்டில் போய்வரும் அடவுக்கு இது போதும், தலைக்கு மேல் தூக்கிய கையும் வெட்டுப்படாது. பிளாட்டில் அவ்வளவு இடம் கிடைக்காது. நின்ற இடத்தில் ஆடும் அடவுக்குக் கைப்பேசியை நிமிர்த்தி வைத்து 2.5 மீட்டரில் எடுங்கள், 1.7 மீட்டர் அகலம் கிடைக்கும், இருபுறமும் நீட்டிய நாட்டியாரம்பக் கை அடங்கும். இடமில்லை என்று 0.5 லென்ஸுக்குத் தாவாதீர்கள். அது ஓரங்களை இழுத்து நீட்டும். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையின் முழங்கால் இல்லாத அகலத்துக்கு விரியும், கையில் இல்லாத வளைவு தெரியும்.

கண்ணாடிச் சுவர் உள்ள அறையில் கைப்பேசி சில நேரம் பிம்பத்தின் மேல் குவியும். ஆடுபவரின் இடுப்பில் விரலை வைத்து நீண்ட நேரம் அழுத்தினால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் எல்லாரும் இடதுகாலில் தொடங்குகிறார்கள்

நீங்கள் எதிரே நின்று ஆடிய காணொளியைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். திரையில் தெரியும் பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வது சிறு பிள்ளைகளின் இயல்பு. முதுகைக் காட்டி ஒருமுறையும் எதிரே நின்று ஒருமுறையும் பதிவு செய்து, முதல் வாரம் முதுகுக் காணொளியை மட்டும் அனுப்புங்கள்.

சிலர் எதிர்க் காணொளியை எடிட்டிங்கில் இடம் வலமாகத் திருப்பி அனுப்புவார்கள். பழகுவதற்கு அது நல்லதுதான், ஆனால் பெயரில் ‘திருப்பியது’ என்று எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது மூலம் எது திருப்பியது என்று உங்களுக்கே தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி முந்தானை: பயிற்சிச் சேலையின் முந்தானை இடத்தோளில் போகும். காணொளியில் வலத்தோளில் போனால் படம் திரும்பியிருக்கிறது. ஐபோன் முன்பக்கக் கேமராவில் ‘மிரர் ஃப்ரண்ட் கேமரா’ ஆனில் இருந்தாலும் இப்படியே பதிவாகும். தேர்வுக்கு அனுப்புவது என்றால் அணைத்துவிடுங்கள், அல்லது பின்பக்கக் கேமராவில் எடுங்கள். ஸூமில் உங்களுக்கு நீங்கள் கண்ணாடி போலத் தெரிவது உங்கள் திரைக்கு மட்டும். பிள்ளைகளுக்கு உண்மையான பக்கம்தான் போகிறது.

தட்டும்போதெல்லாம் படம் அதிர்கிறது

முக்காலி பலகை மேடையின் மேலேயே நிற்கிறது. மேடைக்கு வெளியே இறக்குங்கள். முடியாவிட்டால் பழைய ரப்பர் சிலிப்பரை வெட்டி மூன்று காலுக்கும் அடியில் வைத்து, நடுத்தண்டில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுங்கள், தரையைத் தொடும்படி. கீழ் வீட்டுக்காரர் புகாருக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

பாட்டை மெதுவாக்கினால் பாடகி ஆண் குரலில் பாடுகிறார்

செயலி வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் குறைக்கிறது. 0.75 வேகத்தில் சுருதி ஐந்து அரைச்சுரம் இறங்கும்: ஐந்தரைக் கட்டைப் பாட்டு இரண்டரைக் கட்டைக்கு வந்துவிடும். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை மேடையில் மூலப் பாட்டைக் கேட்டதும் திகைப்பாள். ‘ஸ்பீட்’ என்பதை விட்டு ‘டெம்போ’ என்று தனியாக உள்ள செயலியை எடுங்கள். யூடியூபின் வேகக் குறைப்பு சுருதியைத் தொடாது. ஆனால் 0.75-க்குக் கீழே போனால் மிருதங்கத்தின் சொற்கள் மழுங்கிக் குழையும். கோர்வை, தீர்மானம் போன்ற தாளக் கோவைகளைக் கற்பிக்க அந்த ஒலி உதவாது. நீங்களே ஜதியை மெதுவாகச் சொல்லிப் பதிவு செய்வதுதான் நல்லது.

மண்டபத்தில் கம்பியைச் செருகினால் பாடகர் குரல் காணோம், தம்புராவும் வயலினும் எங்கோ கிணற்றுக்குள் கேட்கின்றன

அரங்கேற்ற ஒத்திகையில் ரத்தக் கொதிப்பை ஏற்றும் கோளாறு இது. வீட்டில் சரியாக ஒலித்த பாட்டில் நடுக்குரல் மட்டும் மாயமாகும். கைப்பேசி தருவது ஸ்டீரியோ, இடம் வலம் என இரண்டு. மிக்சரில் உள்ள ஒற்றைப் பேலன்ஸ்ட் உள்ளீடு இரண்டு கம்பிக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். குரல் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவானது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் சுழியம். ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் வயலினும் எதிரொலியும் தப்பிக்கும்.

உறுதி செய்ய: கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்யுங்கள். இருந்த கொஞ்ச ஓசையும் சுத்தமாக நின்றுவிட்டால் நோய் இதேதான்.

கையில் வேறு கம்பி இல்லாமல் அந்த நிமிடமே ஆட வேண்டுமானால், மோனோவை ஆனிலேயே வைத்து, அதே இடத்தில் உள்ள பேலன்ஸ் பட்டையை ஒரே பக்கத்துக்கு முழுமையாகத் தள்ளுங்கள். மறுபக்கம் சுழியம் ஆகிவிடுவதால் கழிக்க ஒன்றும் இருக்காது, குரல் திரும்பிவிடும். முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்; வீட்டுக்குப் போனதும் காதொலி ஒரு பக்கம் கேட்கவில்லை என்று கடைக்கு ஓடுவார்கள். நிலையான தீர்வு, ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பிளக் உள்ள கம்பி. மோனோ பிளக்கில் கறுப்பு வளையம் ஒன்றுதான் இருக்கும், இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் காதொலித் துளை இல்லை என்றால் டைப்-சி மாற்றி வேண்டும். சில கைப்பேசிகளுக்கு உள்ளே டிஏசி சிப் (எண்களாக வரும் ஒலியைக் கம்பி ஒலியாக மாற்றுவது) உள்ள மாற்றிதான் வேலை செய்யும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தாரிலோ வாங்கினால் உங்கள் கைப்பேசியிலேயே செருகிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கம்பியில் ‘உம்ம்’ என்று ஓசை வந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் மின்கலத்திலேயே ஆடி முடிக்கலாம். நிற்காவிட்டால் ஒலியமைப்பாளரிடம் டிஐ பெட்டி (கைப்பேசிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைத்து இந்த ஓசையைத் தடுக்கும் சிறு பெட்டி) கேளுங்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றும் வித்தையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

மேடைக்குப் போகும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், பாட்டுகள் இறக்கி வைக்கப்பட்டிருக்கட்டும், ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடாதபடி அமையுங்கள். பிறகு அலாரங்களைப் பாருங்கள். விமானப் பயன்முறையும் ‘தொந்தரவு செய்யாதே’யும் அலாரத்தை நிறுத்தாது, பாட்டியின் இரவு 8 மணி மாத்திரை அலாரம் வர்ணத்தின் சரணத்தில் மண்டபம் முழுக்க அடிக்கும். அதே பாட்டுகள் அதே வரிசையில் உள்ள இரண்டாவது கைப்பேசி ஒலியமைப்பாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதிவு பாதியில் நிற்கிறது

இடமில்லை அல்லது சூடு. ஐபோனில் சுருக்கமான வடிவில் 1080 பி, நொடிக்கு 30 படம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. 60 படம் என்றால் 90. 4கே 30 படம் என்றால் 170. ஆக 40 நிமிட வர்ண ஒத்திகைக்கு 2.4 ஜிபி, 3.6 ஜிபி, 6.8 ஜிபி. மூன்றுமே வாட்ஸ்ஆப்பின் 2 ஜிபி எல்லைக்கு மேல். பல்லவி, முக்தாய்ஸ்வரம், சரணம் என்று வெட்டி எடுங்கள், திருத்தம் சொல்லவும் அதுதான் வசதி.

சூடு என்றால் திரை மங்கும், பிறகு கேமரா தானே மூடும். ஐபோனுக்குச் சொல்லப்பட்ட சுற்றுப்புற எல்லை 35 பாகை. நம் ஊர் மதியத்தில் சன்னலோரம் அதைத் தொட அதிக நேரம் ஆகாது. உறையைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி எடுக்காதீர்கள், காற்றாடியைக் கைப்பேசி பக்கம் திருப்புங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நேரலையில் ஓசை துண்டிக்கப்படுகிறது

பேஸ்புக், யூடியூப் இரண்டும் பதிவு செய்த பாட்டைக் காப்புரிமைப் பட்டியலோடு தானாக ஒப்பிடுகின்றன. கீர்த்தனை இருநூறு ஆண்டுப் பழையதாக இருக்கலாம். நீங்கள் போட்ட ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நேரடி வாத்தியக்குழு இருந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பதிவுதான் என்றால் பாடகரிடம் பணம் கொடுத்து உங்களுக்கென்று பதிவு செய்த பாட்டைப் பயன்படுத்துங்கள், அனுமதிக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் நேரலையை விட்டு, பெற்றோருக்கு மட்டும் தனிச் சுட்டியில் பதிவை அனுப்புங்கள். சிறு பிள்ளைகள் ஆடுவது ஊர் முழுக்கப் போக வேண்டியதும் இல்லை.